கரண்ட் வைத்த நுரையீரலில் புது நிழல்

கேள்வி: அப்பாவுக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் புற்றுநோய். 30 தடவையில் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு) கரண்ட் வைத்து முடித்து 10 வாரம் ஆகிறது. இப்போது எடுத்த சிடி ஸ்கேனில் ‘கிரவுண்ட் கிளாஸ், கன்சாலிடேஷன்’ என்று எழுதியிருக்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா? உடனே பெட் ஸ்கேன் எடுக்கட்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: அந்த இரண்டு வார்த்தைகளை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கதிர்வீச்சு முடிந்த 4 முதல் 12 வாரத்தில் கதிர் பட்ட இடம் அழற்சி கண்டு, மங்கலான வெள்ளைப் படலமாகவோ (கிரவுண்ட் கிளாஸ்) அடர்ந்த திட்டாகவோ (கன்சாலிடேஷன்) தெரிவது பலருக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் அதுவே தழும்பாகிச் சுருங்கும். பக்கத்து மூச்சுக்குழாயையும் இழுத்துக்கொள்ளும்.

எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் தடயம். நிமோனியா பெரும்பாலும் நுரையீரல் மடலை ஒட்டிப் பரவும். கதிர்வீச்சுத் தழும்போ கதிர் போன பாதையில் மட்டும் இருக்கும். ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். பல கோணங்களில் கதிர் பாய்ச்சும் எஸ்பிஆர்டி முறையில் இந்த நேர்கோடு கிடைக்காது. தழும்பே கட்டி மாதிரி உருண்டு தெரிந்து கலங்கடிக்கும். ஆகவே கதிர்வீச்சுத் துறையில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ந்தது என்று காட்டும் அப்பாவின் டோஸ் பிளான் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய சிடி ஸ்கேன்களின் டிஸ்க்கோடு (ரிப்போர்ட் மட்டும் போதாது) ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள். இவை இல்லாமல் எழுதும் ரிப்போர்ட்டில் பாதி ஊகம்தான்.

சந்தேகப்பட வேண்டியது எப்போது? ஓராண்டு கழித்தும் திட்டு வளர்ந்துகொண்டே போனால்; நேராக இருந்த ஓரம் வெளியே பிதுங்கினால்; திட்டுக்குள் கறுப்புக் கிளையாகத் தெரிந்த மூச்சுக்குழாய் அடைபட்டு மறைந்தால்.

பெட் ஸ்கேனுக்கு இப்போது அவசரமில்லை. அந்த ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் சர்க்கரை போன்ற மருந்தை அழற்சியும் புற்றைப் போலவே இழுத்துப் பளிச்சிடும். குறைந்தது 3 மாதமாவது போகட்டும். சிலருக்கு ஓராண்டு தாண்டியும் அந்த வெளிச்சம் அடங்காது. அப்போதும் சந்தேகம் நீடித்தால் பயாப்ஸிதான் (திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) பேச வேண்டும்.

வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மேல்பகுதித் திட்டைக் கண்டதும் டிபி மருந்து ஆரம்பிப்பது நம் ஊரில் நடக்கிறது. முதலில் சளியில் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தொற்று இல்லை என்றால் ஸ்டீராய்டு தருவார்கள். அதைப் பல வாரமாகப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தினால் அழற்சி மறுபடி கிளம்பும். டுர்வாலுமாப் (புற்றை எதிர்க்க உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து) ஊசி போடுகிறார் என்றால் போட்ட தேதிகளையும் சொல்லுங்கள். அந்த மருந்தால் வரும் அழற்சி கதிர் படாத இடத்திலும் தெரியும்.

தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அடுத்த சிடி எப்போது என்பதைப் புற்றுநோய் டாக்டர் சொல்வார். முதல் சில ஆண்டுகளுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. முடிந்தவரை ஒரே ஸ்கேன் சென்டரில் எடுங்கள்.