சுதிர்மான் கோப்பை: கேள்வி-பதில்

கே: நாடுகளின் ஆண்-பெண் கலப்பு அணிகள் மோதும் சுதிர்மான் கோப்பை பேட்மிண்டனில் சில நாள் ஐந்து ஆட்டமும் நடக்கிறது, சில நாள் மூன்றோடு முடிகிறது. ஏன்?

ப: குழுச் சுற்றில் 3-0 என்று முடிவு தெரிந்த பிறகும் ஐந்தையும் ஆடியாக வேண்டும். அணிகள் சமநிலையில் நின்றால் வென்ற ஆட்டம், கேம் (ஆட்டத்தின் ஒரு செட்), புள்ளி எல்லாம் கணக்குக்கு வரும். நாக் அவுட்டில் மூன்று வென்றதும் கதை முடிந்தது.

கே: இந்தோனேசியரான டிக் சுதிர்மானின் பெயரைத் தாங்கிய கோப்பை, இந்தோனேசியாவின் கையில் ஏன் நிற்பதில்லை?

ப: 1989-ல் ஜகார்த்தாவில் நடந்த முதல் போட்டியில் வென்றார்கள், அதோடு சரி. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஐந்தும் சம எடை. ஆண்கள் பிரிவில் மட்டும் புலியாக இருந்தால் இரண்டு வெற்றிதான். மூன்றாவதற்குக் கலப்பு இரட்டையரோ பெண்களோ கைகொடுக்க வேண்டும். சீனா 2025 வரை 14 முறை வென்றது இந்த ஐந்திலும் ஆள் வைத்திருப்பதால்தான். ஒருவரையே இரண்டு பிரிவில் இறக்கலாம். ஆனால் முதல் ஆட்டம் மூன்று கேம் இழுத்தால் இரண்டாவதில் கால் நகராது.