ஆந்தைக்குக் கீழே ஓர் எழுத்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏதென்ஸ் வெள்ளி நாணயம் பற்றி எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த நாணயத்தில் இரண்டு விதமான ஆந்தைகள் வருகின்றன. ஒன்று பெரிய கண்களோடு வெறுமனே நிற்கிறது. இன்னொன்று படுத்துக் கிடக்கும் ஒரு ஜாடியின் மேல் நிற்கிறது, சுற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டம். பின்னது கலை நலிந்த காலத்தது என்கிறார் நண்பர். அப்படியா?

– வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

செதுக்கலை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பழைய ஆந்தைக்கு இருக்கும் கம்பீரம் இதற்கு இல்லை. ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் ஜாடி ஆந்தையைத்தான் எடுப்பேன்.

இது கி.மு. 160-களில் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அடிக்கப்பட்ட நான்கு டிராக்மா நாணயம் (டிராக்மா என்பது கிரேக்கரின் பண அலகு). எடை 17 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழையதைவிட அகலம், ஆனால் மெலிந்த தகடு. பின்புறம் முழுவதையும் ஆலிவ் இலைமாலை சுற்றி வருகிறது. அந்த ஜாடி, ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவுக்கு எடுத்த பனாதெனேயா விழாப் போட்டிகளில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுத்த ஜாடி. முன்புறத்து அதீனாவைப் பாருங்கள். பார்த்தீனான் கோயிலில் சிற்பி பீடியாஸ் செய்துவைத்த சிலையின் தலைக்கவசம் அது. சிலை என்றோ அழிந்துவிட்டது, அதன் சாயல் இந்த வெள்ளியில் இருக்கிறது.

அப்புறம் அந்த எழுத்துக்கூட்டம். அவை நாணயம் அடிப்பதற்குப் பொறுப்பாளர்களின் பெயர்கள். முதலில் வெறும் கூட்டெழுத்து, பிறகு சுருக்கம், பிறகு முழுப் பெயர். படத்தைப் பெரிதாக்கி ஜாடியின் வயிற்றைப் பாருங்கள், பொடியாக ஒரே ஓர் எழுத்து இருக்கும். அது மாதம். கிரேக்க எழுத்து வரிசைப்படி ஆல்பா என்றால் முதல் மாதம், மியூ என்றால் பன்னிரண்டாவது. சில ஆண்டுகளில் பதின்மூன்றாவதாக நியூ வரும். சந்திர மாதக் கணக்கைச் சரிக்கட்ட நம் பஞ்சாங்கக்காரர்கள் சேர்க்கும் அதிக மாதம் போலத்தான். யார் பொறுப்பில், எந்த மாதம் அக்கசாலையை விட்டு வந்தது என்பதைத் தன் மேலேயே சுமந்து திரியும் காசு. எனக்கு இதுதான் பெரிய அழகு.

இந்தக் காசுக்கு இருந்த மதிப்பும் சாதாரணமில்லை. இதை எல்லாக் கிரேக்கரும் நான்கு வெள்ளி டிராக்மாவாக ஏற்க வேண்டும் என்று டெல்பி கோயிலைப் பேணிய கிரேக்கக் கூட்டமைப்பான ஆம்பிக்டியோனியின் அவை கல்லில் வெட்டி வைத்தது. மறுப்பவன் சுதந்திர மனிதன் என்றால் 200 டிராக்மா அபராதம், அடிமை என்றால் சாட்டையடி. காசைவிட மனித முதுகு மலிவாக இருந்த காலம். ஏதென்ஸுக்கு வெள்ளி தந்த லாரியன் சுரங்கத்தில் வெள்ளி வெட்டியவர்களும் அடிமைகள்தாம். இந்த நாணயத்தைக் கொண்டாடும்போது அதையும் நான் மறப்பதில்லை.

கி.மு. 87-86 நாணயம் ஒன்று உண்டு. ஊர்ப் பொறுப்பாளர் இருக்கும் இடத்தில் 'அரசன் மித்ரிதாதேஸ்' என்று இருக்கிறது, கூடவே அப்போது ஏதென்ஸை ஆண்ட அரிஸ்டியோனின் பெயர், இரு பிறைகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம். ரோமை எதிர்த்த, கருங்கடலோரப் பாண்டஸ் நாட்டு அரசனான இந்த மித்ரிதாதேஸின் பக்கம் ஏதென்ஸ் சாய்ந்த சமயம் அது. கி.மு. 86 மார்ச்சில் ரோமானியத் தளபதி சுல்லாவின் படை மதிலை உடைத்து உள்ளே வந்தது. அரிஸ்டியோன் அக்ரோபோலிஸ் குன்றுக்கோட்டையில் ஒளிந்து, தண்ணீர் தீர்ந்து சரணடைந்தான், கொல்லப்பட்டான். ஆந்தை மட்டும் எப்போதும்போல நம்மை நேராகப் பார்த்தபடி ஜாடி மேல் நிற்கிறது.

அன்புடன்