சொற்கள் தெரிந்தும் ஆங்கில வாக்கியம் அமையாதது ஏன்?

கேள்வி: எனக்கு ஆங்கிலச் சொற்கள் ஓரளவு தெரியும், படித்தால் பொருளும் விளங்குகிறது. ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாளே பன்னிரண்டு காலங்களின் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மூன்று மாதம் ஆகியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது? தமிழில் நினைத்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவது தவறா? ‘எ’, ‘த’ என்பவற்றை எங்கே போடுவது?

பதில்: முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பிடிபடாததே உங்கள் சிக்கல். அதற்கும் காலங்களுக்கும் தொடர்பில்லை. ‘பூனை எலியைத் துரத்தியது’ என்றாலும் ‘எலியைப் பூனை துரத்தியது’ என்றாலும் தமிழில் துரத்தியது பூனைதான். எலியோடு ஒட்டியிருக்கும் வேற்றுமை உருபு அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘த கேட் சேஸ்டு த ரேட்’ என்பதில் அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் எலி பூனையைத் துரத்தத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு உருபுகள் இருந்தன. அவை தேய்ந்து போனபின் அவற்றின் வேலையைச் சொல் நிற்கும் இடமே ஏற்றுக்கொண்டது. ‘ஹீ’, ‘ஹிம்’ போன்ற சில இணைகளில் அந்தப் பழைய தடம் இன்னும் எஞ்சியிருக்கிறது.

ஆகவே செய்தியைச் சொல்லும் வாக்கியத்தில் எழுவாய் முதலில், வினை அதன்பின், செயப்படுபொருள் அதற்கும் பின் என்ற வரிசையைக் கைப்பழக்கமாக்குங்கள். தமிழில் நினைப்பது இந்த நிலையில் தவறே இல்லை. தமிழ் வாக்கியத்தை எந்த முனையிலிருந்து பிரிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘நேற்று என் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேற்று’ என்பதிலிருந்து தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். கடைசிச் சொல்லுக்குப் போங்கள். ‘எழுதினேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதிக்குள் ‘நான்’ ஒளிந்திருக்கிறது. அதை வெளியே இழுத்தால் ‘ஐ’. மிச்சமிருக்கும் வினை ‘ரோட்’. அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் ‘எ லெட்டர்’, ‘டு மை ஃபிரெண்ட்’, ‘எஸ்டர்டே’ என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நண்பருக்குப் பின்னால் ஒட்டிய ‘கு’ உருபு, ஆங்கிலத்தில் ‘டு’ ஆகி அவருக்கு முன்னால் போய்விட்டதையும் கவனியுங்கள். எல்லா வாக்கியமும் இவ்வளவு ஒழுங்காகத் தலைகீழாகாது. ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியங்களை இப்படிப் பிரித்து எழுதினால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

தமிழர் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ‘அவர் மருத்துவர்’ என்பதில் வினையே இல்லை. நம் இலக்கணம் இதைப் பெயர்ப் பயனிலை என்று ஏற்கிறது. ஆங்கிலத்தில் பெயர் மட்டும் பயனிலையாக நிற்க முடியாது. ‘ஹீ இஸ் எ டாக்டர்’ என்று ‘இஸ்’ வந்தே ஆக வேண்டும். இதைப் படித்த கையோடு எல்லா இடத்திலும் ‘ஆம்’, ‘இஸ்’ சேர்த்து ‘ஐ ஆம் அக்ரீ’, ‘ஐ ஆம் கோ’ என்று எழுதுபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ‘அக்ரீ’ தானே ஒரு வினை. அதன் இருக்கையில் இன்னொன்றை ஏன் உட்கார வைக்க வேண்டும்? இரண்டாவது இடம், ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ போன்றவை. தமிழில் நான்காம் வேற்றுமையில் நிற்கும் அந்த ஆளை ஆங்கிலத்தில் எழுவாய் ஆக்கிவிடுங்கள்: ‘ஐ ஆம் ஹங்கிரி’, ‘ஐ நோ’.

எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் இல்லை என்றதும் ‘கம் ஹியர்’ என்கிறார்களே, அதில் எழுவாய் எங்கே என்று கேட்பீர்கள். இந்த விலக்கை மட்டும் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கே குழம்பியவர்கள் ‘வென்ட் டு ஆஃபீஸ்’ என்று எழுவாயை விழுங்கி எழுதிவிட்டு, கட்டளையில் விடலாமென்றால் இதில் ஏன் கூடாது என்று வாதிடுகிறார்கள். ஏவும்போது எதிரே இருப்பவர் ‘யூ’ என்பது சொல்லாமலே விளங்கும், அதனால் விடப்படுகிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் மரியாதை கூடும், எழுவாய் வராது. ‘டோன்ட் கோ’ என்று தடுத்தாலும் இதே கதைதான். ‘ராஜா, கம் ஹியர்’ என்பதில் ராஜா எழுவாய் அல்லர், அது விளி. அதனால்தான் ‘கம்ஸ்’ என்று ஆகவில்லை. காற்புள்ளியை எடுத்துவிட்டு ‘ராஜா கம்ஸ் ஹியர்’ என்று எழுதினால் ராஜா எழுவாயாகி, அவர் இங்கே வருவது வழக்கம் என்ற செய்தியாகிவிடும். எழுவாயை விடும் உரிமை ஏவலோடு முடிந்தது. மழை பெய்வதைச் சொல்லக்கூட ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று ஒரு பொம்மை எழுவாயை நிறுத்தி வைக்கும் மொழி அது.

இனி அந்த அட்டவணை. ஆங்கில வினைச்சொல் தானே வடிவம் மாறிக் காட்டும் காலங்கள் நிகழ்காலமும் இறந்தகாலமும் மட்டுமே. மற்றவை ‘வில்’, ‘ஹேவ்’ போன்ற துணைவினைகளால் கட்டப்படுபவை. மூன்று காலத்தை நான்கு வடிவத்தால் பெருக்கிய கட்டத்தை அச்சடித்துக் கொடுப்பது எளிது, இருபது பேர் எழுதிய வாக்கியங்களைத் திருத்துவது கடினம். பயிற்சி நிலையங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, ஒரு மாணவர் எத்தனை வாக்கியம் எழுதினார், அவற்றில் எத்தனை திருத்தப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நண்பர்போல வந்து ஒரே நிலையத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்பவருக்கு அங்கே தரகு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முப்பது நாளில் சரளம் என்ற வாக்குறுதியோடு தரப்படும் சான்றிதழ் அந்த நிலையத்தின் சொந்தத் தாள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் திறனை அளக்கும் தேர்வுகளின் மதிப்பெண்ணை அத்தேர்வுகளை நடத்தும் அமைப்புகளே தரும். பயிற்சி நிலையம் எதுவும் தர முடியாது.

பள்ளிப் பாடமும் இதைவிட மேலில்லை. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்று என்று ஆண்டுக்கணக்கில் பிறர் எழுதிய வாக்கியங்களையே புரட்டிப் போட வைக்கிறார்கள். மாணவர் தானாக ஒரு வாக்கியம் எழுத நேரம் ஒதுக்குவதில்லை. முழு மதிப்பெண் வாங்கியவர் விடுப்புக் கடிதம் எழுத என்னிடம் வந்து நின்றிருக்கிறார். குற்றம் அவருடையதல்ல.

‘எ’, ‘த’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒன்று போதும்: எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளின் பெயரை வெறுமனே விடாதீர்கள், படிப்பவருக்குப் புதியதானால் ‘எ’, எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்தால் ‘த’. இதில் தவறினாலும் பெரிய மோசமில்லை. ‘ஐ ரோட் லெட்டர்’ என்று எழுதினாலும் படிப்பவர் புரிந்துகொள்வார். ‘லெட்டர் ஐ ஃபிரெண்ட் ரோட்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்.