ராஜீவ் காந்தி கொலைக்குப் பின்னால் வேறு யாரோ இருந்தார்கள் என்பதை நீங்கள் நம்புகிறீர்களா?

கேட்டவர் சின்ன வயதுக்காரர் என்று நினைக்கிறேன். யூடியூபில் முக்கால் மணி நேர வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்கு எங்கள் கடைப் பலகை உடைந்த சத்தம்தான் கேட்கும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இதைப் படித்துவிட்டு என்னைக் கட்சிக்காரன் என்று திட்ட வருகிறவர்களுக்கு: என்னிடம் எந்தக் கட்சி அட்டையும் இல்லை. என் நைனாவிடம் இருந்தது. அந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு திட்டுங்கள்.

எங்கள் வீடு வேலூர் தொரப்பாடியில், மத்திய சிறைக்கு நடந்து போகிற தூரம். நைனா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர், ஓவராயில், கோட்டம் எடுப்பது, அப்புறம் மணிக்கணக்கில் விடுகிற ஆறு வாடகை சைக்கிள். ஜெயில் வார்டர்களில் பல பேர் எங்களிடம்தான் வண்டி விடுவார்கள். கடைப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு உதயசூரியன். பலகை எழுதியவர் அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை என்று நைனா பெருமையாகச் சொல்வார்.

1991 மே 21 ராத்திரி 10 மணி 20 நிமிடத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. எங்களுக்கு விடிகாலையில்தான் தெரியும். டியூட்டி முடிந்து வந்த வார்டர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது 13 வயது, மே மாத லீவு. அன்று காலையில் தெருவில் சேதி மாறிக்கொண்டே போனதை நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். 7 மணிக்கு “ராஜீவ் காந்தியக் கொன்னுட்டாங்க.” 8 மணிக்கு “புலிங்களாம்.” 9 மணிக்கு “திமுககாரங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்.” 10 மணிக்கு அந்த ‘ஆம்’ விழுந்துவிட்டது. “தெரியும்” என்று மட்டும் நின்றது. யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்து வந்து சொல்லவில்லை. ஒரே ஒரு எழுத்து காணாமல் போனது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு பேச்சு பிறக்கக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்று சொல்லித்தான் அந்த வருடம் ஜனவரியில் திமுக ஆட்சியையே கலைத்திருந்தார்கள். ஆனால் அதற்கும் தொரப்பாடியில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரைக் கேட்பது?

பத்தரை மணிக்கு வந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும், வெளியூர் ஆள் ஒருவர்கூட இல்லை. நைனா கதவுப் பலகைகளைப் பாதி போட்டுவிட்டு உள்ளே நின்றிருந்தார். முதல் கல் உதயசூரியன் மேலேயே விழுந்தது. அப்புறம் பலகையைப் பிடுங்கினார்கள். வாடகை சைக்கிள்களைப் படுக்கப் போட்டு ரிம்மில் ஏறி மிதித்தார்கள். பால்ரஸ் டப்பாவை யாரோ தூக்கி வீச, சைக்கிளுக்குப் போடுகிற சின்ன எஃகு குண்டுகள் தெரு முழுக்க உருண்டு ஓடின. கடையை உடைத்துக்கொண்டிருந்தபோதே இரண்டு பொடியன்கள் அதைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நைனாவை யாரும் தொடவில்லை. ஒருவர் போகும்போது “தப்பா நெனச்சிக்காதண்ணே” என்றுகூடச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, அந்தக் கும்பலில் நின்றிருந்த ஒரு ஆள் கடைக்கு வந்தார். “அண்ணே, என் வண்டி கீதா?” என்றார். 20-ஆம் தேதி பஞ்சருக்கு விட்ட வண்டி. நைனா அதைக் கொல்லையில் பத்திரமாக வைத்திருந்தார். எதுவும் பேசாமல் டியூபைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி ஓட்டையைப் பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். பஞ்சர் காசை மட்டும் வாங்கி டப்பாவில் போட்டார். நான் பக்கத்தில் நின்று பம்ப்பைப் பிடித்திருந்தேன். அந்த ஆளைக் கேட்டால், கடையை உடைத்த அன்று தன் சைக்கிளை எடுத்துப் போகத்தான் வந்தேன் என்பார்.

பெல்ட் குண்டில் சின்னச் சின்ன எஃகு குண்டுகள் இருந்தன என்று பேப்பரில் வந்த பிறகு, இன்னொருவர் எங்கள் பால்ரஸ் டப்பாவைப் பார்த்து “இதானா மேஸ்திரி அது?” என்று சிரித்தார். நைனா அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்குக் கிடைத்தது 2 இடம். நைனா அதற்கப்புறம் பலகையே மாட்டவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஒரு கதையால் அடி வாங்கிய அவரே இன்னொரு கதையைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை “எல்லாம் சிஐஏ வேலைடா” என்பார். எதை வைத்துச் சொல்கிறாய் நைனா என்று கேட்டால், “நம்மாளுங்க யாரும் செய்யல இல்ல?” என்பார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொலையைச் செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போட்டோகிராபர் ஹரிபாபு அங்கேயே செத்துப்போனார், கேமரா பிழைத்தது. உடம்பில் குண்டைக் கட்டி வந்து மாலையோடு நிற்கிற தணுவும், அந்தக் கும்பலை நடத்திய, நிருபர் மாதிரி குர்தா போட்ட சிவராசனும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். அந்தச் சிவராசன் ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டேவில் போலீஸ் சூழ்ந்தபோது செத்தார். இலங்கைக்கு இந்திய அமைதிப்படையை அனுப்பிய பிறகு புலிகளுக்கு ராஜீவ் மேல் இருந்த கோபம் ஊரறிந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, கூட இருந்த தலைவர்கள் ஏன் தப்பினார்கள் என்பதிலிருந்து வீடியோவை ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் எல்லாமே வெட்ட வெளிச்சம் என்றும் சொல்ல முடியாது. பாதுகாப்பு ஓட்டைகளை விசாரிக்க வர்மா கமிஷன், சதியை விசாரிக்க ஜெயின் கமிஷன், அதற்கும் பிறகு 1998-ல் சிபிஐயில் ஒரு தனிப் பிரிவு என்று அரசாங்கமே வருடக்கணக்கில் தேடியது. ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை திமுகவைக் குறை சொன்னதை வைத்துத்தான் 1997-ல் குஜ்ரால் ஆட்சியைக் காங்கிரஸ் கவிழ்த்தது. அப்படியிருந்தும் இந்தக் கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஒரு திமுக தலைவரும் நின்றதில்லை. 1998 ஜனவரியில் பூந்தமல்லி கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. எங்கள் பக்கத்து ஜோலார்பேட்டை பையன் பேரறிவாளன், பிடிபட்டபோது 19 வயது, குண்டில் இருந்த பேட்டரியை வாங்கிக் கொடுத்ததாக வாக்குமூலம். அது எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதை, வாக்குமூலம் எழுதிய அதிகாரியே எழுதாமல் விட்டேன் என்று 2013-ல் ஒப்புக்கொண்டார். இது சதிக் கதை இல்லை, நடந்தது. சந்தேகப்பட வேண்டுமென்றால் இந்த மாதிரி இடத்தில் சந்தேகப்படுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. 2011 ஆகஸ்டில், எங்கள் ஊர் ஜெயிலில் இருந்த பேரறிவாளன், முருகன், சாந்தன் மூன்று பேருக்கும் செப்டம்பர் 9 தூக்கு என்று தேதி குறித்தபோது தொரப்பாடி முழுக்க டிவி வண்டிகள். கடை அப்போது என் கையில், டூவீலர் மெக்கானிக் ஷாப்பாக மாறியிருந்தது. மைக்கோடு வந்த ஒரு பையனிடம், கெத்துக்காக, “ராத்திரி ஜீப்புல கயிறு வந்து எறங்குச்சாம்” என்று சொல்லிவிட்டேன். எந்த ஜீப்பும் நான் பார்க்கவில்லை. சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் என்னிடமே வந்து, கயிறு வந்துவிட்டது, தன் மச்சான் கண்ணால் பார்த்தான் என்றார். வீட்டில் நைனாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஆமும் போயிடிச்சா?” என்று மட்டும் கேட்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஹைகோர்ட் தூக்குக்குத் தடை போட்டது. டிவி வண்டிகள் கிளம்பின. என் கயிறு மட்டும் இன்னும் எங்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பள்ளி டிசியில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும். போன வருடம் ஒரு ஆபீசில் அதைப் பார்த்த பெண், “இப்படி ஒரு மாவட்டமே இல்லையே சார், எங்க அடிச்சீங்க?” என்றார். 1989-லிருந்து சில வருடம் அதுதான் எங்கள் மாவட்டத்தின் பெயர். மூன்று நடை நடந்தேன். உண்மையான காகிதத்துக்கு இந்த நிலைமை. வாட்ஸாப்பில் வருகிற பொய்க்கு மட்டும் யாரும் அட்டஸ்டேஷன் கேட்பதில்லை.

முதல் கல் யார் எறிந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பட்டப்பகல், நாற்பது பேர், எல்லாம் தெரிந்த முகம். நைனா இறந்த அன்று அந்தச் சைக்கிள்காரர் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடுகாட்டில் என்னைத் தனியாக அழைத்து, கல்லை எறிந்தது பக்கத்துத் தையல்கடைக்காரர் என்றார். தையல்கடைக்காரர் போய் பத்து வருடம் ஆகிறது. அவர் மகனிடம் கேட்டேன். “எங்கப்பா சொன்னது வேறண்ணே, அந்த ஆளுதானாம்” என்றான்.