துக்கத்தில் எதை வாசிப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் என் மகன். போன வருடம் ஒரு விபத்தில் இறந்துவிட்டான். இருபத்தி நான்கு வயது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

நான் சபையில் மூப்பராக இருப்பவன். எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போய் வசனம் வாசித்து ஜெபம் செய்திருக்கிறேன். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று நானே சொல்லித் தேற்றியிருக்கிறேன். அடக்க ஆராதனையில் அதே வசனத்தை எனக்கு இன்னொருவர் வாசித்தபோது எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. தினமும் போனில் ஆறுதல் வசனங்கள் வருகின்றன. அனுப்புகிறவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஜெபம் செய்தால் கூரையோடு நின்றுவிடுகிறது. என் மனைவி மட்டும் காலையில் தவறாமல் வேதம் வாசிக்கிறாள். தெம்பு கிடைக்கிறது என்கிறாள். எனக்கு ஏன் கிடைக்கவில்லை? இத்தனை வருட விசுவாசம் பொய்யா? வேதத்தில் பலம் உண்டு என்றால் அது எங்கே இருக்கிறது?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதத் தோன்றவில்லை. ஏற்கெனவே உங்களுக்கு நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் போதகர் இல்லை, வேதத்தை விரும்பி வாசிக்கிறவன், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்து பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்பது யோபு புத்தகத்தின் முதல் அதிகாரம், பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு சொன்னது. யோபுவின் புத்தகம் மொத்தம் 42 அதிகாரம். துக்க வீட்டில் அந்த ஒரு வரியை வாசிக்கிறவர்கள் மூன்றாம் அதிகாரத்தை வாசிப்பதில்லை. அங்கே அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். தாயின் வயிற்றிலேயே ஏன் சாகவில்லை என்று கேட்கிறான். அதற்கப்புறம் முப்பது அதிகாரங்களுக்கு மேல் வாக்குவாதம்தான். தேவனைக் கூப்பிட்டு வழக்காட வேண்டும் என்கிறான். தன் கேள்வியை விடுவதே இல்லை. அவன் நண்பர்கள் மூவரும் தேவன் பக்கம் நின்று பேசுகிறார்கள். பேசியது அத்தனையும் பக்தியான பேச்சு. ஆனால் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அந்த மூவரில் ஒருவனான எலிப்பாசிடம், என் தாசனாகிய யோபு பேசியதைப்போல் நீங்கள் என்னைப் பற்றி சரியாகப் பேசவில்லை என்று சொல்கிறார். கோபப்பட்டவன் சரி, கோபப்படாதே என்று புத்தி சொன்னவர்கள் தவறு. இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தபின்தான் எல்லாம் கெட்டது.

எலிப்பாஸ் வாயைத் திறந்ததும் முதலில் என்ன சொல்கிறான், நினைவிருக்கிறதா? நான்காம் அதிகாரத்தின் தொடக்கம். நீர் அநேகருக்குப் புத்தி சொன்னீர், தளர்ந்த கைகளைத் திடப்படுத்தினீர், இப்போது அது உமக்கே வந்ததும் கலங்குகிறீரே என்கிறான். உங்கள் கடிதத்தில் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். மற்றவர்களைத் தேற்றியவன், எனக்கு வந்ததும் தாங்கவில்லையே, அப்படியானால் அதெல்லாம் பொய்யா என்று. இந்தக் கேள்வி எலிப்பாஸுடையது. அதை அவனிடமே விட்டுவிடலாம்.

வேதத்தில் பலம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆறுதல் வசனங்களில் தேடுவதால் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அழுகிற அதிகாரங்களில் தேடிப் பாருங்கள். அவை கொஞ்சநஞ்சம் இல்லை. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்று ஆய்வாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். நாம்தான் 23ஐயும் 91ஐயும் 121ஐயும் சுற்றிச் சுற்றி வருகிறோம். பதின்மூன்றாம் சங்கீதத்தில் ஆறே வசனம். அதில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று நீங்களோ நானோ ஜெபித்தால் பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் நம்மைத் திருத்துவார். ஆராதனையில் பாடுவதற்கென்று எழுதி வைத்த பாட்டு அது. சபை கூடி, வாத்தியத்தோடு, மறந்துவிட்டீரே என்று தேவனிடம் பாடியிருக்கிறது.

அதிலாவது கடைசியில் நம்பிக்கை திரும்புகிறது. 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. மற்றப் புலம்பல்கள் எங்கேயாவது ஒரு இடத்தில் துதியாகத் திரும்பும். இது திரும்பாது. சிநேகிதரையும் தோழரையும் என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்ற குற்றச்சாட்டோடு இருளில் நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பாட்டை வேதத்தைத் தொகுத்தவர்கள் நீக்கியிருக்கலாம். அல்லது கடைசியில் ஒரு ஸ்தோத்திரமாவது ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை. இருட்டிலேயே நிற்கிறவன் பேச்சும் ஜெபம்தான் என்று அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். நீங்கள் இன்று வாசிக்க வேண்டியது இது என்று நினைக்கிறேன். பதினெட்டு வசனம்தான். சத்தமாக வாசியுங்கள்.

ஜெபம் கூரையோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வேதத்தில் ‘புலம்பல்’ என்றே பெயர் கொண்ட புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒருவன் கிட்டத்தட்ட இதையே சொல்கிறான். ஜெபம் உள்ளே வர முடியாதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்று. கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனிடம் விழுந்த பிறகு எழுந்த பாட்டுகள் அவை. ஐந்து பாட்டு. முதல் நான்கும் எபிரெய எழுத்து வரிசையில், நம் ஆத்திசூடி போல, ஒவ்வொரு எழுத்தாகத் தொடங்கிப் போகின்றன. 22 எழுத்து, அதனால் 22 வசனம். மூன்றாம் பாட்டில் மட்டும் எழுத்துக்கு மூன்று, ஆக 66. ஊரே எரிந்து கிடக்கும்போது எதற்கு இந்த இலக்கணக் கட்டுப்பாடு என்று தோன்றும். துக்கத்துக்கு எல்லை தெரியாது, பிடிமானம் கிடையாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் அழுவேன் என்று ஒரு வடிவத்தைப் போட்டுக்கொண்டால் அழுகையில் ஆளே அடித்துக்கொண்டு போகாமல் இருக்கலாம். இது என் ஊகம்தான். ஐந்தாம் பாட்டில் 22 வசனம் இருக்கிறது, எழுத்து வரிசை இல்லை. அதற்குள் எழுதியவனுக்குத் தெம்பு போய்விட்டதோ என்னவோ.

இந்தப் புத்தகத்தின் நடுவில்தான் ‘அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை; அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்ற வரிகள் வருகின்றன. உங்கள் போனுக்கும் நிச்சயம் வந்திருக்கும். அதைத் தனியாக வெட்டி எடுத்து அனுப்பும்போது இதமான காலை வாழ்த்து மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால் இரண்டரை அதிகாரம் அழுகை இருக்கிறது. அதைச் சொன்னபிறகும் அழுகை நிற்கவில்லை, இன்னும் இரண்டரை அதிகாரம் போகிறது. கடைசி வசனம், எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்று பதில் இல்லாத கேள்வி. நம்பிக்கையும் புலம்பலும் ஒரே வாயில்தான் இருக்கின்றன. ஒன்று வந்ததும் மற்றது போய்விட வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

எரேமியா 29:11ம் இப்படித்தான் படாத பாடு படுகிறது. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். ஒரு வசனம் முன்னால் போனால் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்குப் போன கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைப் பார்க்கவே வாய்ப்பில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. முழுதாக வாசித்தால் அந்த வசனம் சிறியதாகிவிடாது. எனக்கென்னவோ, இன்னும் நம்பும்படியாகத்தான் தெரிகிறது.

சரி, உங்களைப் போன்ற ஒரு தகப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோம் போரில் இறந்த செய்தி கேட்டு அரசன் தாவீது வாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போகிறான். ‘என் மகனாகிய அப்சலோமே, என் மகனே, என் மகனாகிய அப்சலோமே, நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும், அப்சலோமே, என் மகனே, என் மகனே.’ அந்த அழுகையில் தேவனுடைய பெயர்கூட இல்லை. சங்கீதக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு அப்போது பாட்டு வரவில்லை, மகனுடைய பெயர்தான் வந்தது. படைத்தலைவன் யோவாப் வந்து கண்டிக்கிறான்: உமக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவர்களை அவமானப்படுத்துகிறீர், எழுந்து வெளியே வாரும் என்று. தாவீது எழுந்துபோய் வாசலில் உட்காருகிறான். யோவாப் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அரசன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் அழுதது தவறு என்று கதை சொல்கிறவர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சபை மூப்பர் வாசலில் உட்கார வேண்டிய நாட்கள் உங்களுக்கும் வரும். அதற்காக மேல்வீட்டுக்குப் போனதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தகப்பன் யாக்கோபு. மகன் யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பியபோது மகன்களும் மகள்களும் கூடி வந்து ஆறுதல் சொல்கிறார்கள். அவர் ஆறுதலுக்கு இடம் கொடுக்கவில்லை என்கிறது ஆதியாகமம். இதே தகப்பன் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திலும் வருகிறார், யாகூப் என்ற பெயரில். அழுது அழுது அவர் கண்கள் வெளுத்துப்போகின்றன. யூசுஃபையே நினைத்து அழிந்துபோவீர் என்கிறார்கள் மகன்கள். என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்பது அவர் பதில். அதாவது, உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் ஏன் நடுவில் வருகிறீர்கள் என்று. எந்த வேதத்தை எடுத்தாலும் சுற்றியிருப்பவர்களுக்குத்தான் அவசரம் இருக்கிறது.

இதை எல்லாம் சொல்வதால் ஆறுதல் வசனங்களே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் மனைவிக்கு அவை உதவுகின்றன, உதவட்டும். லாசரு இறந்தபோது அவன் சகோதரி மார்த்தாள் எழுந்து வழிவரைக்கும் போய் இயேசுவைச் சந்திக்கிறாள், பேசுகிறாள், விசுவாச அறிக்கையே செய்கிறாள். இன்னொரு சகோதரி மரியாள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள், பிறகு வந்து காலில் விழுந்து அழுகிறாள். இருவரும் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான். மார்த்தாளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் அதைப் பேசவில்லை, கல்லறை எங்கே என்று கேட்டார், கண்ணீர் விட்டார். ஒரே வீட்டில் ஒரே துக்கம், இரண்டு விதமாக நடந்திருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். மனைவி வாசிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள், நீங்கள் வாசிக்க வேண்டாம். ஒருநாள் 88ஐ உங்களுக்காக வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அது தேவைப்படலாம், காலையில் வாசிப்பது அத்தனையும் தெம்புதானா என்று நாம் பார்க்கவில்லை.

வசனம் அனுப்புகிறவர்களுக்குப் பதில் போட வேண்டியதில்லை. நெருக்கமான ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள், அனுப்புவதற்குப் பதில் வந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று.

ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் அதிகாலை மூன்று மணிக்கு வந்திருக்கிறது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது வந்த தூதன் வசனம் எதுவும் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் திட்டவில்லை, தூங்கவிட்டு இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வி பதில் எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான். அதனால் உங்களிடம் நேராகவே கேட்கிறேன். தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? எலியா சொன்ன வார்த்தை உங்கள் மனதிலும் வருகிறதா? வந்தால் அதை இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம், ஒரு மருத்துவரையும் பாருங்கள். அந்த நினைப்பு இல்லை, தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றாலும் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவின் இந்தக் கதை வரும் முதல் ராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதை இங்கே வெளியிடமாட்டேன்.