கல்லாறில் நான் எடுக்காத ஷாட்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27. ஊர் சுற்றுவதும் அதைப் படமாக எடுப்பதும்தான் என் ஒரே பொழுதுபோக்கு. இதுவரை எல்லாமே போனில்தான். இரண்டு வருடமாகச் சேர்த்த எண்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. லென்ஸ் மாற்றக்கூடிய சோனி இசட்வி-ஈ10 கேமரா வாங்குவதா, சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 வாங்குவதா என்று ஆறு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். சோனி என்றால் எந்த லென்ஸ்? அகலத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று வேண்டும் என்கிறார்கள். எஃப் 1.4 அளவுக்கு அகலமாகத் திறக்கும் லென்ஸ் இல்லாவிட்டால் சினிமா மாதிரி வராதா? 4கே 60 ஃப்ரேம் வேண்டுமா? பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறலாக எடுக்கும் லாக்? ட்ரோன்? ஜனவரியில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலில் போகிறேன், அதற்குள் வாங்கிவிட வேண்டும். தமிழில் பயணப்படம் என்று ஒரு மரபே இல்லாததால் யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. போனில் எடுத்த வால்பாறைப் படத்தை அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைத்தால் பாருங்கள்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை ஒரு தாளை வைத்துக்கொண்டு ஷாட்களை எண்ணினேன். ஆறு நிமிடத்தில் 148 ஷாட். ஒன்றுக்குச் சராசரியாக இரண்டரை வினாடிகூட இல்லை. ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கின்றன, ஆனால் ஒரு வளைவில்கூட வண்டி முழுதாகத் திரும்பவில்லை. திரும்பத் தொடங்கும்போதே நீங்கள் அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறீர்கள். அவ்வளவு தூரம் பைக்கில் போய், குளிரில் விறைத்து, ஒரு வளைவையாவது முழுக்கக் காட்டாமல் திரும்பி வர எப்படி மனசு வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சாதாரணமாகக் கேமராக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. மலை ரயில் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்தபோது, 2012 இல் அதே ரயிலில் நான் எடுத்தவை கிடைத்தன. அன்றிலிருந்து அந்த நினைப்பாகவே இருக்கிறது.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ட்ரோன் வேண்டாம். லாக் வேண்டாம், நிறம் திருத்த உட்காரும் நேரத்தில் இன்னொரு ஊர் போய் வரலாம். 4கே 60 வேண்டாம், வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுங்கள், ஷட்டரை 1/50 வினாடியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/60 இல் நின்றால் அந்த மினுக்கலோடு ஒத்துப்போகாது. உங்கள் படத்தில் அந்த பேக்கரிக் காட்சியில் சுவர் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்கின்றனவே, அது போனின் கோளாறு இல்லை, இதுதான். சோனியின் மெனுவில் என்டிஎஸ்சி என்று இருப்பதை பிஏஎல் என்று மாற்றினால்தான் 25 என்ற எண்ணே கண்ணுக்குத் தெரியும்.

எஃப் 1.4 பற்றி. இந்த எண் கூடக் கூட லென்ஸின் திறப்பு சுருங்கும், வெளிச்சம் குறையும். பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப் 4 க்குத் திறக்க வேண்டும் என்றாலே வெளிச்சத்தை ஐந்து ஸ்டாப், அதாவது ஐந்து முறை பாதி பாதியாக, குறைக்கும் என்டி 32 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் முன்னால் இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பணத்தில் ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்குங்கள். பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிட்டு ஒரு முகத்தை மட்டும் எடுப்பதென்றால் அதை ஈரோட்டிலேயே எடுக்கலாம், ஊட்டி வரை டிக்கெட் போட வேண்டியதில்லை.

மரபு இல்லை என்று எழுதியது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏ.கே. செட்டியார் என்று ஒருவர் இருந்தார். பயண நூல்கள் எழுதியவர், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று கிளம்பி, ஒரு லட்சம் மைல் அலைந்து, எங்கெங்கோ இருந்த படச்சுருள்களைத் தேடி ஐம்பதாயிரம் அடி சேர்த்தார். 1940 இல் படத்தை வெளியிட்டார். ஆறு மாதம் கேமரா விமர்சனங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஒரு நாள் அவரைப் படித்திருக்கலாம்.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

2012 இல் என்னிடம் பேனசோனிக் ஜிஎச்2 கேமரா இருந்தது. லென்ஸ் மூன்று: பேனசோனிக் 14 மி.மீ., பேனசோனிக் 20, ஒலிம்பஸ் 45. எண் கூடினால் பார்வை குறுகும், பொருள் பெரிதாகத் தெரியும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார், ஆகவே பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்குக்கு இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 28, 40, 90. உங்களுக்குச் சொல்கிறார்களே மூன்று லென்ஸ் வேண்டும் என்று, அதே கணக்கில்தான் நானும் ஒவ்வொன்றாக வாங்கினேன். மூன்றையும் ஒரு சின்னத் தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவு சிறியவை.

காலை 7.10 க்கு மேட்டுப்பாளையத்தில் ரயில் கிளம்பியது. மலை ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் பார்வையை மறைக்க எதுவும் கிடையாது. பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது, முன்மேடையில் கொடியோடு இருக்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். அன்று எனக்கு முதல் பெட்டியில் முதல் வரிசை கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரேக்ஸ்மேன், இந்தப் பக்கம் நான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பச்சைக் கொடியைச் சுருட்டி உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தார். கட்டைவிரல் நகம் கறுத்து, நடுவில் வெடித்திருந்தது. பிரேக் கைப்பிடி, கை பட்டுப் பட்டு, பிடிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளியாகப் பளபளத்தது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பற்சட்டம் தொடங்கும். அருகருகே இரண்டு சட்டங்கள், ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும், அதனால் என்ஜினின் பற்சக்கரத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும். குன்னூர் வரை இப்படித்தான், ஏறத்தாழ 12 அடிக்கு ஒரு அடி என்ற ஏற்றம். 1899 இலிருந்து இதே முறையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பற்சக்கரம் முதல் பல்லைக் கவ்வும் இடத்தில் ரயில் மெதுவாகும்.

பிரேக்ஸ்மேன் திரும்பி என் கேமராவைப் பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். கீழே தண்டவாளத்தைக் காட்டி, "இப்பப் பாருங்க" என்றார்.

நான் ரெக்கார்டை நிறுத்தினேன். அவர் கை இன்னும் பெரிதாகத் தெரிந்தால் நன்றாக இருக்கும், 45 போடலாம் என்று தோன்றிவிட்டது. 20 ஐக் கழற்றி மடியில் வைத்தேன், 45 இன் பின்மூடியைத் திருகினேன், அது கைநழுவி இருக்கைக்கு அடியில் உருண்டது, எடுக்கக் குனிந்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பை இரும்பு கவ்வும் சத்தம். பெட்டி லேசாகக் குலுங்கி, ஒரு கணம் தயங்கி, பிறகு கீழே தரையெல்லாம் ஒரே சீராகக் கடகடக்கத் தொடங்கியது. நான் நிமிர்ந்தபோது, பார்த்தீர்களா என்பது போல அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் மடியில் வாய் திறந்த கேமரா.

அந்த நேரத்தில்தான் கரித்தூள் ஏதோ சென்சாரில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எடுத்த எல்லாவற்றிலும் வானத்தின் இடது மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. ஹில்குரோ நிலையத்தில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதும் இருக்கிறது, குன்னூரிலும் இருக்கிறது. லென்ஸை எஃப் 8 க்கு மேல் மூடிய ஷாட்களில் இன்னும் தெளிவாக இருக்கிறது. அந்தப் பயணத்தில் எடுத்தவை மொத்தம் 311 துண்டுகள். போன வாரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். 14 இல் பள்ளத்தாக்கு, 45 இல் குரங்கு, மறுபடி 14 இல் பாலம். கல்லாறு இல்லை. அவர் குரல் இல்லை.

2019 இல் மறுபடி போனேன், ஒரே ஒரு லென்ஸோடு. அன்று வேறு பிரேக்ஸ்மேன். சத்தம் கிடைத்தது, படமும் நிமிடக்கணக்கில் கிடைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எதற்குத் திரும்ப வேண்டும், அவருக்கு அன்று வேலை நாள்.

ஆகவே தம்பி, மூன்று லென்ஸ் வாங்காதீர்கள். பணம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. பையில் இரண்டாவது லென்ஸ் இருந்தால் கண் எதிரில் நடப்பதை விட்டுவிட்டு மனம் பைக்குள் போய்விடும். ஒன்று போதும். அதில் தெரிவதைப் பாருங்கள், தெரியாததை அன்றைக்கு விட்டுவிடுங்கள், பெரிதாக வேண்டும் என்றால் நாலடி நடந்து கிட்டே போங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பொத்தானை அழுத்திய பிறகு கேமராவை அசைக்காமல் மனசுக்குள் இருபது வரை எண்ணுங்கள். போலெக்ஸ் எச்16 என்று சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா ஒன்று இருந்தது, 1930களில் வந்தது. முழுச் சாவிக்கு 28 வினாடி ஓடும். 100 அடிச் சுருள் முழுதும் சேர்த்து 2 நிமிடம் 46 வினாடி. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவன் அழுத்துவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். உங்கள் 128 ஜிபி கார்டில், வினாடிக்கு 100 மெகாபிட் கணக்கில், ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் பிடிக்கும். அவ்வளவு இடம் இருந்தும் நீங்கள் ஒரு இடத்துக்கு இரண்டரை வினாடிதான் கொடுக்கிறீர்கள், ஏன்?

இருபது என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கடைக்கு எதிரில் கேமராவை வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து எண்ணிக்கைக்குக் கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். எட்டு, ஒன்பதில் சட்டையைச் சரிசெய்வார். பன்னிரண்டில் அவருக்கு அலுத்துவிடும், தன் வேலைக்குத் திரும்புவார். பதினைந்துக்கு மேல் வருவதுதான் அவருடைய கடை. அதுவரை கிடைப்பதெல்லாம் உங்களைப் பார்த்த அவர் முகம் மட்டுமே. நீங்கள் மூன்றிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். 148 ஷாட்டிலும் எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். போய் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பொறுமை இல்லாத கைக்கு எந்தக் கேமரா கொடுத்தாலும் இதுதான் வரும், எண்பதாயிரம் போட்டாலும் எட்டு லட்சம் போட்டாலும்.

நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் 3 நல்ல கருவி, 179 கிராம்தான், சட்டைப்பையில் போகும். ஆனால் அதன் பார்வை, பெருக்கிய கணக்கில், 20 மி.மீ. அளவுக்கு அகலம். அந்த பிரேக்ஸ்மேனின் கட்டைவிரலை அதில் எடுக்க வேண்டும் என்றால் அவர் மேல் ஏறி நிற்க வேண்டும். அப்புறம், அதிலிருப்பது போல ஆட்டத்தைச் சமன்செய்யும் கிம்பல் கையில் இருந்தால் கால் சும்மா இருக்காது, நடக்கச் சொல்லும். உங்களுக்கு அந்த வியாதி ஏற்கெனவே இருக்கிறது. சோனி வாங்குங்கள். 20 மி.மீ. எஃப் 2.8 என்று ஒரு தட்டை லென்ஸ் இருக்கிறது, 69 கிராம், சோனியின் சென்சாருக்கு 1.5 ஆல் பெருக்கினால் 30. ஜூம் இல்லாமல் கை நடுங்கும் என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8, 300 கிராமுக்குள்தான், மாட்டிய பிறகு கழற்றாதீர்கள். அந்த கேமராவின் உடலுக்குள் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இல்லை என்று எல்லோரும் குறை சொல்வார்கள். ஒரு சின்ன முக்காலி வாங்குங்கள், ரயிலில் துண்டை மடித்து ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் கேமராவை அழுத்திப் பிடியுங்கள். வேகமான ரயிலாக இருந்தால் கம்பங்கள் சாய்ந்து தெரியும், அந்த சென்சார் படத்தை மேலிருந்து கீழாக மெதுவாகத்தான் வாசிக்கும். மலை ரயில் போகும் வேகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பேட்டரி சிறியது, கூடுதலாக இரண்டு வேண்டும்.

கேமராவோடு பெட்டியிலேயே ரோமம் வைத்த ஒரு காற்றுத் தடுப்பு தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கல்லாறில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் ஒரு ஷாட் மட்டும் பதினோரு வினாடி வருகிறது. டீக்கடை மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காசு எடுக்கப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதி ஃப்ரேம் சர்க்கரை டப்பா. வலது பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது, கண்ணாடி வளையல் இரண்டு, ஈரத் துணியால் மேசையைத் துடைக்கிறது, போனுக்கு வந்ததும் நின்று, அதைச் சுற்றி வளைத்துத் துடைத்துவிட்டு, டம்ளரை வைக்கிறது. அதற்குப் பிறகு அந்த அம்மா குனிந்து, முகம் பாதி தெரிய, யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நீங்கள் அதன்மேல் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் அந்தப் பதினோரு வினாடியை மட்டும், பாட்டில்லாமல், எனக்கு அனுப்புங்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.