பாம்படக் காதும் ஜப்பானியப் பேனாவும்

சென்ற இதழில், மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை வரையப் பழகுகிறவர்களின் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்துவருகிறேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினோரு பிள்ளைகள் மங்கா வரையக் கற்கிறார்கள். அவர்கள் கையிலும் என் கையிலும் கண்டதைத்தான் சொல்கிறேன்.

அக்கா, நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் நோட்டுகளின் கடைசிப் பக்கமெல்லாம் மங்கா முகங்கள்தான். புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் அப்படியே வருகிறது. பார்க்காமல் வரைந்தால் வேறு யாரோ வரைந்ததுபோல் கோணிக்கொள்கிறது. ‘பார்த்து வரைவதெல்லாம் ஓவியமா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
*— மாணவி, தஞ்சாவூர்*

நிறுத்தாதே, தங்கையே. பார்த்து வரைவதும் வரைவதுதான். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1814-இல் ‘ஹொகுசாய் மங்கா’வின் முதல் தொகுதியை வெளியிட்டபோது அது கதைப் புத்தகமாக வரவில்லை. ஓவியம் கற்பவர்கள் பார்த்து வரைவதற்கான மாதிரிப் புத்தகமாக வந்தது. மனிதர்களும் மீன்களும் பூச்சிகளும் செடிகளும் அந்தத் தொகுதிகளின் பக்கங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். இன்றைய மங்காவுக்குப் பாதை போட்ட ஒசாமு தெசுகா, டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தை எண்பது தடவைக்கு மேல் பார்த்தவர். அவருடைய பாத்திரங்களின் பெரிய கண்கள் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்தவை.

ஆனால் உன் வீட்டார் சொல்வதிலும் கொஞ்சம் பொருள் இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாய்; ஏன் அங்கே இருக்கிறது என்று நீ இன்னும் கேட்கவில்லை. ஒரு மங்காக் கண்ணை எடுத்துக்கொள். மேலிமைக் கோடு தடிப்பாக இருக்கும். கீழிமைக் கோடு மெலிந்திருக்கும். பல சமயம் பாதியிலேயே நின்றுவிடும். வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் காரணம். மேலிமையும் அதன் மயிரும் நிழலில் கிடக்கின்றன, கீழிமை வெளிச்சத்தை வாங்குகிறது. கருவிழியின் மேல்பாதி இருண்டிருப்பதும் இமையின் நிழல் அதன்மேல் விழுவதால்தான். இது புரிந்துவிட்டால், மோவாய்க்குக் கீழே டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்தும் ஒரு முகத்தை மாதிரி எதுவும் இல்லாமல் நீயே வரைந்துவிடுவாய்.

ஒரே படத்தை மூன்று முறை வரை. முதலில் பார்த்து வரை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வரை. மூன்றாவது முறை புத்தகத்தைத் திறந்து, இரண்டாவது படத்தின்மேல் சிவப்புப் பென்சிலால் திருத்து. அந்தச் சிவப்புக் கோடுகள்தான் உன் பாடம். எங்கள் மாடியில் ஒரு பையனின் தாளில் சிவப்பு எப்போதும் காதுப் பக்கமே விழுந்துகொண்டிருந்தது. காதை மூக்குக்கு எவ்வளவு பின்னால் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாரம்தான் ஆயிற்று.

இன்னொன்றும் செய். உன் நோட்டைப் புரட்டி எத்தனை முகங்கள் இடது பக்கம் பார்க்கின்றன என்று எண்ணு. வலது கையால் வரைபவர்களுக்கு அந்தப் பக்கம் சுலபமாக வரும், அதனால் அங்கேயே தங்கிவிடுவார்கள். நான் மூன்று ஆண்டுகள் தங்கினேன். ஒருநாள் எங்கள் தெருவில் விளம்பரப் பலகை எழுதும் பெரியவர் என் படத்தை வாங்கி, தாளைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கண்களில் ஒன்று நெற்றியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரம் முகங்களில் ஒரு தடவைகூட அது என் கண்ணில் படவில்லை. இன்றும் எந்தப் படத்தையும் மை இடுவதற்கு முன் ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறேன்.

ஐந்து ஆண்டுகளாக வரைகிறேன். யாரிடம் காட்டினாலும் ‘டிராகன் பால் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். முதலில் மகிழ்ச்சியாக இருந்தது, இப்போது வலிக்கிறது. எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்? அதைத் தேடிப் பிடிக்க வழி உண்டா?
*— 24 வயது இளைஞர், கோயம்புத்தூர்*

உங்கள் வலி எனக்குப் பழக்கமானது, தம்பி. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

‘டிராகன் பால்’ 1984 முதல் 1995 வரை வாராவாரம் வந்த மங்காத் தொடர். கதாநாயகன் பெருஞ்சினம் கொள்ளும்போது அவனுடைய கறுப்பு முடி வெளிர் நிறமாகிவிடும். அதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு படக்கட்டத்திலும் முடிக்குள் கறுப்பு மை நிரப்பும் உதவியாளரின் நேரத்தை மிச்சப்படுத்துவது என்று அதை வரைந்த அகிரா தோரியாமாவே சொல்லியிருக்கிறார். வாரக்கெடுவுக்குள் பக்கங்களை முடித்தாக வேண்டிய ஒருவரின் தீர்வு அது. நீங்கள் அந்த முடியை எடுத்துக்கொண்டீர்கள். அவருடைய நெருக்கடி உங்களுடையது அல்ல. உங்கள் தாளில் உங்களுக்கு என்ன நெருக்கடி வருகிறதோ, அதற்கு நீங்கள் காணும் தீர்வுகள்தான் உங்கள் பாணியாகத் திரளும். மற்றவர் ஏற்கெனவே தீர்த்துவைத்தவற்றை மட்டுமே வரைந்துகொண்டிருந்தால் உங்கள் கைக்கு முடிவெடுக்கும் வேலையே வராது.

எனக்கு அந்த வேலை வந்தது என் ஆச்சியின் காதினால். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஆச்சி, பாம்படம் என்னும் கனத்த காதணி போட்ட தலைமுறை. என் அம்மாவின் கல்யாணத்துக்காக அதை விற்றுவிட்டார். காது மட்டும் தோள்வரை வெறுமையாகத் தொங்கியது. எனக்கு இருபத்திரண்டு வயது. திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சியை மங்காவாக வரைய உட்கார்ந்தேன். மங்காவில் காதுக்கு ஒரு சுருக்கெழுத்து உண்டு: வெளியே ஒரு வளைவு, உள்ளே ஒரு சிறு கொக்கி. எத்தனையோ நூறு காதுகளை அப்படித்தான் போட்டிருந்தேன். ஆச்சியின் காதுக்கு அதில் இடமே இல்லை. நான் படித்திருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு காது இல்லை.

எட்டு நாள் தோற்றேன். ரப்பர் வளையம் மாதிரி வந்தது, ஊஞ்சல் கயிறு மாதிரி வந்தது. ஒன்பதாம் நாள் வரைவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆச்சி கீரையை எடுக்கக் குனியும்போது காதுமடல் கன்னத்துக்கு முன்னால் வந்து விழுந்தது. நிமிர்ந்த பிறகும் ஒரு கணம் அங்கேயே இருந்து, பிறகுதான் பின்னால் போனது. நகை போய் இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அந்தக் காதின் அடியில் கனம் இருந்தது. தொட்டு எழுதும் பேனாவில் ஜி-பேனா என்றொரு நிப் உண்டு; அழுத்தினால் அதன் முனை இரண்டாகப் பிரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். கன்னத்தருகே மெலிதாகத் தொடங்கி, இறங்க இறங்க அழுத்தி, வளைவின் அடியில் முழுத் தடிமனும் கொடுத்து, மறுபக்கம் ஏறும்போது கையை இளக்கினேன். ஒரே இழுப்பு. அது ஆச்சியின் காது.

அதற்குப் பிறகு என் கை வேறு மாதிரி வரைய ஆரம்பித்தது. சேலையின் கீழ்க்கரை, குடத்தின் அடி, உட்கார்ந்திருப்பவரின் தொடை என்று பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே கோடு தானாகத் தடித்தது. இன்று பெயர் போடாத படத்தைப் பார்த்தும் ‘இது உங்களுடையதுதானே, உங்கள் ஆட்கள் தரையில் நன்றாக உட்காருவார்கள்’ என்று பதிப்பகத்தார் கேட்கிறார்கள். நான் பாணியைத் தேடிப் போகவில்லை. ஒரு காதை ஒழுங்காக வரையவேண்டும் என்று மட்டும்தான் விரும்பினேன்.

ஜப்பானியர்களிடமும் இதையே பார்க்கிறேன். ஹிரோஹிகோ அராகியின் ‘ஜோஜோ’ தொடர் 1987-இல் தொடங்கியபோது ஆட்கள் மலைபோன்ற தசையோடு நின்றார்கள். இத்தாலியச் சிற்பங்களிலும் ஆடை அலங்காரப் படங்களிலும் அவருக்கிருந்த ஈடுபாடு கோட்டில் ஏறியபின் அதே தொடரில் உடல்கள் மெலிந்து முறுக்கிக்கொண்டன. கூடைப்பந்துக் கதையான ‘ஸ்லாம் டங்க்’கை 1996-இல் முடித்த தகேஹிகோ இனோயுவே, 1998-இல் வாள்வீரன் கதையான ‘வாகபாண்ட்’டைத் தொடங்கினார். அது போகப்போகப் பேனாவை விட்டுத் தூரிகைக்கு வந்தார். வரைய எடுத்துக்கொண்ட பொருள் கையை மாற்றியது.

எனவே உங்கள் வீட்டில் எந்த மங்காவிலும் வராத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். கிரைண்டரில் மாவு வழிக்கும் கையாக இருக்கலாம், தறிக்கு முன் குனிந்த முதுகாக இருக்கலாம். சுருக்கெழுத்து உதவாத இடமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதை நூறு முகங்களாக வரையாதீர்கள். நான்கு பக்கக் கதையாக வரையுங்கள். ஜப்பானில் இதற்கு முதலில் ‘நேமு’ போடுவார்கள். குச்சி மனிதர்களும் உரையாடலும் கட்டப் பிரிப்பும் மட்டுமே உள்ள கரட்டு வடிவம் அது. பத்திரிகை ஆசிரியர் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நல்ல தாளில் கை வைப்பார்கள். உங்கள் நேமுவை அச்சில் மங்காவே படித்திராத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்தக் கட்டம் பிழை.

மகன் ஏழாம் வகுப்பு. மங்கா வரைய டேப்லெட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
*— ஒரு தந்தை, திருநெல்வேலி*

இப்போது வேண்டாம், ஐயா. ஒரு எச்.பி. பென்சில், நல்ல ரப்பர், அளவுகோல், கறுப்புப் பேனா இரண்டு, ஒரு கட்டு ஏ4 தாள் போதும். டேப்லெட்டில் அழித்து அழித்து ஒரே கண்ணை ஒரு மணி நேரம் திருத்துவார்கள். தாளில் அடுத்த கண்ணுக்குப் போவார்கள். தொழில்முறை மங்காக்காரர்கள் ஏ4-ஐவிடப் பெரிய பி4 தாளில் 27 செ.மீ. உயரமும் 18 செ.மீ. அகலமும் உள்ள சட்டத்துக்குள் வரைகிறார்கள். பத்திரிகையில் அது சுருங்கி அச்சாகிறது. அவன் முடித்த பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் ஐந்தில் நான்கு பங்காகச் சுருக்கி எடுத்துக் கொடுங்கள். காணாமல்போன கோடுகளை அவனே பார்ப்பான். முழுதாக முடித்த இருபது பக்கம் கையில் சேர்ந்தபின் டேப்லெட் பற்றி மறுபடி எழுதுங்கள்.

அக்கா, தமிழில் மங்கா வரைந்தால் ஜப்பானில்போல் வலமிருந்து இடமாகக் கட்டம் போடவேண்டுமா? பேச்சுக்குமிழிக்குள் என் வசனங்கள் அடங்குவதே இல்லை.
*— வாசகி, யாழ்ப்பாணம்*

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான், தங்கச்சி: எழுத்து ஓடும் திசை. ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. அதனால் கட்டங்களும் அப்படி ஓடுகின்றன, குமிழிகளும் நெட்டையாக இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள்வீரர்கள் இடக்கைக்காரர்களானார்கள். கிமோனோவின் வலது மடிப்பு மேலே வந்துவிட்டது. ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். வரைந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார்க்கிறேன். பின்னாளில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள், இடமிருந்து வலமாகவே கட்டம் போடுங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். வாசகர் தாளைத் திருப்புமுன் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். கதவு தட்டப்படுவது அங்கே இருக்கட்டும், வந்தவர் யார் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.

குமிழியை முதலில் வரைந்துவிட்டு வசனத்தைத் திணிக்காதீர்கள். ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே நெட்டைக் குமிழியின் இரண்டு சுவரையும் இடிக்கும். முதலில் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழியை இழுங்கள்; அது அகலமாகத்தான் வரும். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு, வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக விடுங்கள். ஒரு குமிழிக்கு ஏழெட்டுச் சொல் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மங்காவில் ஒலிச்சொற்கள் படத்தின் ஒரு பகுதியாக வரையப்படுகின்றன. நெஞ்சு அடிப்பதற்கு ‘தொகிதொகி’. அமைதிக்குக்கூட ‘ஷீன்’ என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் தமிழ் ஏழை அல்ல. சலசல, மடமட, வெடவெட, கிடுகிடு, பளபள என்று இரட்டைக்கிளவி நம்மிடம் கொட்டிக்கிடக்கிறது. ‘வெடவெட’ என்பதை நடுங்கும் கோட்டில் எழுதிப்பாருங்கள். இரண்டு ‘ட’க்களின் மூலைகளும் முழங்கால்போல் மடங்கும். பிள்ளைகள் இதை வரையும்போது மாடியில் சத்தமே இருக்காது.

ஜி-பேனா நிப்பில் மை ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒட்டத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கிறது.
*— வாசகர், நாகப்பட்டினம்*

புது நிப்பின்மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். அதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், மை பிடிக்கும். வரைந்து முடித்ததும் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, பேனாக்கட்டையிலிருந்து கழற்றி வையுங்கள். ஈரம் கட்டைக்குள்தான் ஒளிந்திருக்கும். கடற்காற்று வீசும் ஊர் உங்களுடையது, அதனால் மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் கொஞ்சம் அரிசி போட்டு அதற்குள் நிப்பை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாளும் ஈரத்தைக் குடித்து மை பரவும். அந்த இரண்டு மாதமும் நான் பென்சில் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, மை இடுவதை மார்கழிக்குத் தள்ளிவிடுவேன்.